பொல்லார்டிங்: 'தலைவெட்டு' பொருந்துமா?

வணக்கம்.

சேர்வராயன் மலைச் சிறு காப்பித் தோட்டங்களுக்கான நிழல்மரக் கையேட்டில் 'பொல்லார்டிங்' மட்டும் தமிழாகாமல் நிற்கிறது. ஆளுயரத்துக்கு மேலே, ஒரே மட்டத்தில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை முழுக்க எடுத்துத் திரும்பத் துளிர்க்க விடும் முறை. 'தலைவெட்டு' என்று போடலாமா? சேலம் பக்கத்துப் பேச்சில் 'மொட்டை அடிக்கிறது'.

---

ஐயா,

தலைவெட்டு வேண்டாம். காப்பிச் செடியை இரண்டரை அடியில் நுனி வெட்டி நிறுத்துகிறோமே, ஏற்காட்டுக்காரர் அதைத்தான் நினைப்பார். மொட்டையும் ஆகாது, மின்கம்பிக்காகக் கண்ட இடத்தில் வெட்டுவதும் மொட்டைதான்.

இந்த முறையின் உயிர், மறுபடி அதே இடத்தில் வெட்டுவது. அப்படி வெட்ட வெட்ட அங்கே முண்டு திரளும், புதுத் துளிர் அதிலிருந்துதான் வரும். அரிவாள் முண்டுக்குச் சற்று மேலே விழ வேண்டும். முண்டையே சீவினால் துளிர் குறையும், ஈரம் இறங்கி மரம் உள்ளே அழுகும். 'கிளை கழிப்பது' ஏற்கெனவே வழக்கில் உள்ளது. ஆகவே 'முண்டுக்கழிப்பு'. வெட்ட வேண்டிய இடத்தைச் சொல்லே காட்டிக் கொடுக்கும்.

---

> ஆகவே 'முண்டுக்கழிப்பு'

முண்டு நன்றாக இருக்கிறது. ஆனால் இளமரத்தின் முதல் வெட்டில் முண்டே இல்லையே? கரும்பிலிருந்து வந்த 'மறுதாம்பு' கையிலிருக்கிறது, 'உயர் மறுதாம்பு' என்றால் என்ன?

---

மறுதாம்பு தரையொட்டித் துளிர்ப்பது ஐயா, ஆட்டுக்கு எட்டும். எட்டக்கூடாது என்றுதானே உயரத்தில் வெட்டுகிறோம்!

முதல் வெட்டுக்கு 'முண்டு கட்டுதல்' என்று தனிச்சொல் வைப்போம். தண்டு மணிக்கட்டுக் கனம் வந்ததும், 6 முதல் 8 அடி உயரத்தில், நீர் வழியும்படி சாய்வாக வெட்ட வேண்டும். கனத்த கிளையானால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. அந்த முதல் முறை மட்டும் இலையுள்ள ஒரு கிளையை விட்டுவைக்கலாம். ஒருபோதும் கழிக்காத முதிர்ந்த மரத்தை ஒரேயடியாக வெட்டினால் பட்டுப்போகக்கூடும். பல ஆண்டு விட்டுவிட்டாலோ கிளை கனத்து முண்டோடு பிளந்து விழும்.

காலம், பூமழைக்கு (காப்பியைப் பூக்க வைக்கும் கோடை மழை) பின், தென்மேற்குப் பருவமழை வலுப்பதற்கு முன். எல்லா மரத்தையும் ஒரே ஆண்டில் கழித்தால் காப்பி இலை வெயிலில் கருகும். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழிப்பதே நல்லது.

---

ஏற்கிறேன். விளக்கத்தில் கல்யாண முருங்கையை மட்டும் எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கிறேன், போதுமா?

---

போதாது. இலையிலும் காம்பிலும் முடிச்சு உண்டாக்கும் குளவி 2000களின் நடுவில் தென்னிந்தியாவில் அந்த மரத்தைப் பாடாய்ப் படுத்தியது. ஒரே மரத்தை நம்பியவர் நிழலையே இழப்பார். கிளிரிசிடியாவையும் சேருங்கள். முண்டுக்கழிப்பு நிழலைக் குறைப்பதால்தான் அரை ஏக்கரிலும் பலவகை மரம் வைக்க முடிகிறது, அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

மிளகு ஏறும் சில்வர் ஓக்கில் பக்கக் கிளையை மட்டும் எடுத்துத் தண்டை நேராக விடுகிறோம். அதற்கு 'பக்கக்கழிப்பு' என்று வேறு பதிவு வேண்டும். பலா அடிமரத்திலும் பெருங்கிளையிலும் காய்ப்பது, கிளையைக் கழித்தால் காயும் போகும், ஆகவே இரண்டு பதிவிலும் சேர்க்க வேண்டாம்.