புதுப்பிப்பு: அக்கா மகளுக்கு எம்ஆர்ஐ எடுத்தாயிற்று

வயதுக்கு வந்ததிலிருந்தே அக்கா மகளுக்கு மாதவிலக்கின்போது தாங்க முடியாத வலி, ஸ்கேனில் 'கட்டி' என்கிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்தோம். கட்டியே இல்லை! பிறவியிலேயே கர்ப்பப்பை இரண்டாக இருக்கிறது, வலது பக்கப் பாதையை ஒரு தடுப்புச் சவ்வு அடைத்திருப்பதால் ரத்தம் வெளியே வர வழியில்லாமல் தேங்கிக் கிடக்கிறது. இடது பக்கம் திறந்திருந்து மாதாமாதம் ஒழுங்காக வந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வலது சிறுநீரகமும் இல்லை. கருவில் கர்ப்பப்பையும் சிறுநீரகமும் ஒட்டியே உருவாவதால் இப்படிச் சேர்ந்து வருமாம். ஆச்சிதான் ரொம்பப் பயந்தார்கள், ஆனால் எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது, உள்ளே கருவி எதுவும் விடவில்லை, அசையாமல் படுத்திருந்தால் போதும். சரி, அடுத்த வாரம் சவ்வை அகற்றுகிறார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.