ஸ்கிரபிள் விளையாட்டுக்குக் குறிப்பிட்ட எழுத்துள்ள ஆங்கிலச் சொற்களை எப்படித் தேடுவது?

உவர்மலைத் தாய் எழுதியது:

வணக்கம். தரம் 8இல் படிக்கும் என் மகள், எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிரபிள் விளையாட்டில் பாடசாலைக் குழுவுக்காக விளையாடுகிறாள். கியூ, இசட், வீ ஆகிய எழுத்துகள் கைக்கு வந்தால் வைக்க இடம் தெரியாமல் ஆட்டம் முடியும்வரை வைத்திருந்து, அவற்றின் புள்ளிகளைத் தன் கணக்கிலிருந்து கழிக்கக் கொடுத்துவிடுகிறாள். எழுத்தைக் கொடுத்தால் சொற்களைத் தரும் இணையத்தளம் ஒன்றிலிருந்து நீண்ட பட்டியல்களை அச்சிட்டுக் கொடுத்தேன். அகரவரிசையில் மனனம் செய்கிறாள். இரண்டு நாளில் மறந்துவிடுகிறாள். சென்ற மாதப் பயிற்சி ஆட்டத்தில் எதிரில் இருந்த பிள்ளை இசட், ஓ என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் சேர்த்து ‘ஸோ’ என்று வைத்தபோது, தன் பட்டியலில் இல்லாத சொல் என்று இவள் மறுத்தாள். அது செல்லுபடியாகும் என்று தீர்ப்பானது. அன்றிலிருந்து தான் படித்த எதையும் நம்பத் தயங்குகிறாள். மனத்தில் நிற்கும்படி சொற்களைத் தேடவும் தொகுக்கவும் வழி உண்டா?

நிலாவெளி வாசகர் எழுதியது:

ஸ்கிரபிளில் செல்லும் சொற்களுக்கு வட அமெரிக்கப் பட்டியல், கொலின்ஸ் அகராதிப் பட்டியல் என இரண்டு உண்டு. அந்தத் தளம் வட அமெரிக்கப் பட்டியலைக் காட்டியிருக்க வேண்டும். ‘ஸோ’ என்பது இமயமலைப் பகுதியில் யாக் எருதுக்கும் பசுவுக்கும் பிறக்கும் கலப்பினம். கொலின்ஸ் பட்டியல் அதை ஏற்கிறது, வட அமெரிக்கப் பட்டியல் ஏற்பதில்லை. ஆகவே போட்டியில் எந்தப் பட்டியல் செல்லும் என்று பொறுப்பாசிரியரிடம் முதலில் கேட்டறியுங்கள். கொலின்ஸ் என்றால், அதிலுள்ள இரண்டெழுத்துச் சொற்கள் 120க்குச் சற்று மேல். மகள் முதலில் அவற்றை முழுமையாகக் கற்கட்டும். ‘வீ’ எழுத்துள்ள இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதும் அப்போது தெரியவரும். அது தெரிந்த பிள்ளை அந்தக் காயைக் குறுகிய இடத்தில் வைக்க முயன்று நேரத்தை வீணாக்காது.

கிண்ணியா ஆசிரியர் எழுதியது:

சகோதரி, உங்கள் மகளுக்குக் கியூ எழுத்தில் பயம் வேண்டாம். ஆட்டத்தின் 100 காய்களில் கியூ ஒன்றே ஒன்று, மதிப்பு 10 புள்ளிகள்; யூ நான்கு மட்டுமே. யூ வரும்வரை காத்திருப்பதால்தான் பிள்ளைகள் கியூவுடன் சிக்கிக்கொள்கிறார்கள். யூ இன்றிக் கியூ வரும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி அரபு மூலமுடையது. அரபியில் அடிநாக்கிலிருந்து எழும் ‘காஃப்’ ஒலியை ரோம எழுத்தில் காட்டவே கியூ பயன்பட்டது. அச்சொற்களில் பல நம் திருகோணமலை மாவட்டத்துப் பிள்ளைகள் தமிழிலேயே கேட்டு வளர்ந்தவை. காதி நீதிமன்றம் என்கிறோமே, அந்தக் ‘காதி’ கியூ, ஏ, டீ, ஐ என்ற நான்கெழுத்துச் சொல்லாகக் கொலின்ஸ் பட்டியலில் இருக்கிறது. ‘வக்பு’ என்பது டபிள்யூ, ஏ, கியூ, எஃப். ‘தலாக்’ என்பது ரீ, ஏ, எல், ஏ, கியூ. ‘பக்கீர்’ என்பது எஃப், ஏ, கியூ, ஐ, ஆர். தொழுகைத் திசையான கிப்லா, முகத்திரையான நிகாப் ஆகியவையும் உண்டு. அண்டை வீட்டுப் பேச்சில் ஏற்கெனவே அறிந்த சொல்லுக்கு எழுத்துக்கூட்டலை மட்டும் சேர்த்துக்கொள்வது, அறியாத நூறு சொற்களை வரிசையாக மனனம் செய்வதைவிட எவ்வளவோ இலகுவானது என்பதை என் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன் கியூ, ஐ என்ற இரண்டெழுத்தை அவள் அறிந்திருக்க வேண்டும். சீன மொழியில் உயிராற்றலைக் குறிக்கும் அச்சொல் பல ஆட்டங்களைக் காப்பாற்றும்.

வளாக மாணவன் எழுதியது:

அக்கா, தளங்களை மட்டும் நம்பாமல், சரியான சொற்பட்டியலை எக்செல் கோப்பில் ஒரு நிரலாக இட்டுக்கொண்டால் மகளே தேடலாம். வடிகட்டியில் கேள்விக்குறி ஏதேனும் ஓர் எழுத்தையும், நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துகளையும் குறிக்கும். இரண்டு கேள்விக்குறிகள், பிறகு கியூ, பிறகு நட்சத்திரக்குறி என்று கொடுத்தால் மூன்றாம் எழுத்தாகக் கியூ வரும் சொற்கள் மட்டும் கிடைக்கும். ஆசிரியர் சொன்ன வக்பும் பக்கீரும் நிகாபும் அங்கே ஒன்றாக வந்து நிற்கும். கியூ இருக்க வேண்டும், ஆனால் கியூவும் யூவும் அடுத்தடுத்து இருக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே கொடுக்கலாம்.

காய்களைக் குலைத்துப் பார்த்துச் சொல் காண்பதற்கு வேறு பயிற்சி வேண்டும். கையிலுள்ள எழுத்துகளை ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கி, அந்த அடுக்கையே ஒரு பெயர்போல மனத்தில் பதிக்க வேண்டும். ஈ, ஐ, எல், என், எஸ், ரீ என்ற அடுக்கைக் கண்டவுடன் லிசன், சைலன்ற், என்லிஸ்ற், ரின்சல் ஆகிய நான்கும், நமது துறைமுகத்தைச் சுற்றியுள்ள சிறு குடாக்கள் போன்றவற்றைக் குறிக்கும் இன்லெற்ஸ் என்பதும் நினைவுக்கு வர வேண்டும். அட்டையின் ஒரு பக்கத்தில் அடுக்கையும் மறுபக்கத்தில் சொற்களையும் எழுதச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு ஐந்து அட்டைகள் போதும். பட்டியலைக் கண்ணால் வாசிப்பதால் மட்டும் இந்தப் பழக்கம் வராது என்பது என் உறுதியான எண்ணம்.

உவர்மலைத் தாய் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொறுப்பாசிரியரிடம் கேட்டேன், கொலின்ஸ்தான். நேற்று மாலை மகளே எக்செலில் நட்சத்திரக்குறிகளுக்கு இடையில் இரண்டு ‘வீ’ வைத்துத் தேடினாள். நீண்ட வரிசையை மெதுவாக வாசித்துக்கொண்டு போனவள், ஓரிடத்தில் நின்று, “அம்மா, இது நம்முடைய வெட்டிவேர் அல்லவா?” என்று கேட்டாள். வீ, ஈ, ரீ, ஐ, வீ, ஈ, ஆர்: கையிலுள்ள ஏழு காய்களும் ஒரே முறையில் இறங்கினால் 50 புள்ளிகள் மேலதிகமாகக் கிடைக்கும் ஏழெழுத்துச் சொல். அதை உடனே அட்டையில் எழுதி வைத்துவிட்டாள். இரண்டு ‘வீ’ உள்ள, அவள் வயதுக்குப் பொருள் விளங்கக்கூடிய வேறு சொற்கள் தெரிந்தால் எழுதுங்கள்.