குவி பரிணாமம் வேண்டாம், ஒப்புப் பரிணாமம் என்போமா?

வணக்கம்.

நெருங்கிய உறவில்லாத இனங்கள் ஒரே மாதிரிச் சூழலில் தனித்தனியாக மாறி ஒன்றுபோல ஆவதை ஆங்கிலத்தில் convergent evolution என்கிறார்கள். அதற்குத் தமிழில் குவி பரிணாமம் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய ஐயாவுக்கு என் மறுப்பு இது. குவிதல் என்றதும் பல கோடுகள் வந்து ஒரே புள்ளியில் சேர்வதுதான் மனதில் எழுகிறது. இரண்டு இனங்கள் மெல்ல மெல்ல ஒன்றாகிவிடும் போல என்று மாணவர் எடுத்துக்கொள்வார். நடப்பது அதுவே அல்ல.

சதுரக்கள்ளியையும் சப்பாத்திக்கள்ளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை நர்சரிகளில் இந்த இரு குடும்பத்துச் செடிகளையும் கேக்டஸ் என்றே சொல்லி விற்கிறார்கள், அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த சப்பாத்திக்கு நம் ஊரும் உள்ளூர்க் கள்ளியின் பெயரையே கொடுத்துவிட்டது, அந்த அளவுக்குத் தோற்றம் ஏமாற்றுகிறது. பெயருக்குத்தான் இலை, சதைப்பற்றான பச்சைத் தண்டு, முள். ஆனால் சதுரக்கள்ளி ஆமணக்கு, மரவள்ளியின் குடும்பம். கீறினால் பால் வடியும், முட்கள் இரண்டிரண்டாக நிற்கும், பூ மிகச் சிறியது. சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை, முட்கள் சின்னத் திட்டுகளிலிருந்து கொத்தாகக் கிளம்பும், பூ பெரிதாக மஞ்சளாக விரியும். அதற்கு நெருங்கிய சொந்தம் நம் மொட்டைமாடித் தொட்டிகளில் பூக்கிற பத்துமணிப்பூ! வறட்சி இரண்டையும் ஒரே மாதிரி உடலுக்குக் கொண்டுவந்தது, ஆனால் வெவ்வேறு கண்டங்களில், தனித்தனி வழியில். இன்றும் அவை தனித்தனிதான்.

அப்புறம், இதற்கே சொல்லப்படும் இன்னொரு சொல், உருவொப்புப் பரிணாமம். எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் ஒப்புமை உருவத்தோடு நிற்கவில்லையே. இரண்டு செடியுமே வெயிலில் நீர் போகாதபடி தண்டின் துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து, விடிந்தபின் அதைச் சர்க்கரையாக்குகின்றன. இந்த வேதியியலும் தனித்தனியாக வந்ததுதான், இதை ‘உரு’வுக்குள் எப்படி அடைப்பது?

அதனால் உருவை விட்டுவிட்டு ஒப்புப் பரிணாமம் என்கிறேன். வினையாகவும் எழுதலாம்: ‘இவை ஒப்பப் பரிணமித்தவை’. ‘குவியப் பரிணமித்தவை’ என்று எழுதிப் பாருங்கள், ஒட்டவில்லை. பரிணாமத்தைக் கூர்ப்பு என்னும் இலங்கை வழக்கில் ஒப்புக் கூர்ப்பு என்றும் சேரும். ஒப்பீடு என்பதோடு குழம்பாதா என்றால், ஒப்பீடு நாம் செய்வது, ஒப்பு அவற்றிடம் இருப்பது.

இணைப் பரிணாமம் என்ற சொல்லை, நெருங்கிய உறவுள்ள இனங்கள் ஒரே திசையில் மாறுவதற்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.