நஸ்ரீன் முகமதி காட்சிக்கு வைக்காத ஒளிப்படங்களை அவர் நினைவுக் கூட்டத்தில் திரையிடலாமா?

தெற்குவீதி எழுதியது:

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் ஒளிப்பட ஆர்வலர்களும் பள்ளி ஓவிய ஆசிரியர்களுமாகச் சிலர் மாதந்தோறும் கூடி, மறைந்த கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசி, அவருடைய படைப்புகளைத் திரையிட்டுப் பார்த்து வருகிறோம். அடுத்த கூட்டத்துக்கு நஸ்ரீன் முகமதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 1937இல் கராச்சியில் பிறந்து, 1990இல் மகாராஷ்டிரத்தின் கடற்கரைச் சிற்றூரான கிஹிமில் மறைந்த அவரை, காகிதத்தில் மையாலும் பென்சிலாலும் நேர்கோடுகளை மட்டுமே கொண்டு ஓவியம் வரைந்தவர் என்றே நம்மில் பலர் அறிவோம். அவர் 1972 முதல் பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தில் ஆசிரியராக இருந்ததும், பல ஆண்டுகள் இடைவிடாமல் ஒளிப்படங்கள் எடுத்துவந்ததும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அந்த இரண்டையும் முன்வைத்தே கூட்டத்தை நடத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் ஒரு தயக்கம் என்னை விடாமல் உறுத்துகிறது. தம் ஒளிப்படங்களை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடக் காட்சிக்கு வைக்கவில்லை. ஒருவர் தமக்கென்று வைத்துக்கொண்டதை, அவர் இல்லாத நிலையில் ஒரு கூடத்தின் சுவரில் பெரிதாக்கிக் காட்டுவது அவரை நினைவுகூர்வது ஆகுமா, அல்லது அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்து பார்ப்பது ஆகுமா? மேலும், பாடநூல் எதையும் எழுதிவைக்காத ஓர் ஆசிரியரை, அவரிடம் படித்திராத நாங்கள் ஆசிரியராக எப்படி நினைவுகூர்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வெள்ளிமணல் எழுதியது:

நண்பர் தெற்குவீதி அவர்களுக்கு,

தாராளமாகத் திரையிடலாம் என்பதே என் கருத்து. காட்சிக்கு வைக்காததும் மறைத்து வைத்ததும் ஒன்றல்ல. நஸ்ரீன் தம் ஓவியங்களுக்கே தலைப்பு வைத்தவர் அல்லர்; அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஆண்டுகூடக் குறிப்பிடவில்லை. தம் வேலையைப் பற்றி உரக்கப் பேசாமல் இருப்பது அவருடைய இயல்பு. அந்த அமைதியைத் தடையாகப் பொருள்கொள்ளத் தொடங்கினால், அவருடைய ஓவியங்களையும் நாம் பார்க்க முடியாமல் போகும்.

ஒளிப்படங்கள் அவருக்கு இடையில் வந்து போன பொழுதுபோக்கும் அல்ல. பஹ்ரைனில் அவருடைய தந்தை ஒளிப்படக் கருவிகள் விற்கும் கடை வைத்திருந்தார். ஆகவே கேமரா அவருக்கு வீட்டுப் பொருள் போலப் பழகியது. 1954 முதல் 1957 வரை லண்டனின் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளியிலும், 1960களின் தொடக்கத்தில் பாரிசிலும் படித்தார். பம்பாயின் பூலாபாய் கலை நிலையத்தில் காய்தொண்டே, ஹுசேன், தையப் மேத்தா ஆகிய ஓவியர்களுக்கு நடுவே பணியாற்றினார். ஜப்பான், ஈரான், துருக்கி என்று பல நாடுகளுக்குப் பயணமும் செய்தார். ஆனால் அவர் எடுத்த படங்களில் பயணியின் கண்ணைக் காண முடியாது. அக்பர் கட்டிய ஃபதேபூர் சிக்ரி நகருக்குப் போனவர்கள் அதன் பெரிய நுழைவாயிலான புலந்த் தர்வாசாவை எடுத்து வருவார்கள். நஸ்ரீனோ தரையில் பாவிய கற்களின் இணைப்புகளையும், கல்லில் வெட்டிய நீர்த்தடங்களையும், அவற்றின் விளிம்பில் விழும் நிழலையும் எடுத்தார். பாலைவன மணல், அலை பின்வாங்கியபின் கரையில் எஞ்சும் வரிகள், சண்டிகரின் கட்டடங்கள், தறியில் இழுத்துக் கட்டிய நூல்கள் ஆகியவையே அவர் தேடிப் போன பொருள்கள். அனைத்தும் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை; பலவற்றில் தொடுவானமும் இல்லை, மனிதரும் இல்லை. அதனால் பார்க்கும் பரப்பு ஒரு சாண் அகலமா, ஒரு மைல் அகலமா என்று சொல்ல முடியாத நிலை உண்டாகிறது.

அளவு தெரியாமல் கண் குழம்பும் இந்த நிலையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஓவியத்தில் கோட்டை அவரே இழுக்கிறார். அதன் தடிமனும் இடைவெளியும் அவருடைய முடிவு. ஒளிப்படத்திலோ கோடு ஏற்கெனவே உலகில் கிடக்கிறது. எங்கே நிற்பது, எதை வெட்டி வெளியே தள்ளுவது என்பது மட்டுமே அவர் கையில் இருக்கிறது. இரண்டிலும் ஒரே கண் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, ஒளிப்படம் ஓவியத்துக்கான முன்குறிப்பு என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு குறிப்பிட்ட படத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட ஓவியத்தை அவர் பெயர்த்து வரைந்ததாகக் காட்டுவது கடினம். முன்குறிப்பாக மட்டுமே இருந்திருந்தால், வேலை முடிந்தபின் அவற்றின் உயிர் போயிருக்க வேண்டும். இன்றைக்கும் அவை தனித்து நின்று நம்மைப் பார்க்க வைக்கின்றன.

பாவோடி எழுதியது:

வணக்கம். நான் நெசவாளர் குடும்பங்கள் மிகுந்த ஊரில் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியராகப் பணிபுரிகிறேன். நண்பரின் இரண்டாவது கேள்விக்கு என்னால் இயன்ற பதிலைத் தருகிறேன்.

ஆசிரியராக அவரை நினைவுகூர நமக்கு ஒரு பெரிய சான்று கிடைத்திருக்கிறது. 2013இல் டெல்லியின் கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்தில் நஸ்ரீனின் படைப்புகளைத் திரட்டி விரிவான கண்காட்சி ஒன்றை அமைத்தவர் ரூபினா கரோடே. அவர் பரோடாவில் நஸ்ரீனிடம் படித்த மாணவி. அந்த முயற்சி 2015இல் மாட்ரிட் நகரின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்கும், 2016 மார்ச்சில் நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தின் கிளையாக மெட் பிராயர் திறக்கப்பட்டபோது அதன் தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்றாகவும் விரிந்து சென்றது. ஆசிரியர் தலைப்பும் தேதியும் இடாமல் விட்டுச்சென்ற தாள்களை, மாணவி ஒருவர் பொறுமையாக வரிசைப்படுத்தி, இது முன்னது, இது பின்னது என்று உலகத்துக்கு எடுத்துச்சொல்லியிருக்கிறார். இதைவிட ஓர் ஆசிரியருக்குச் செய்யத்தக்க நினைவேந்தல் வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கூட்டத்தில் இந்தச் செய்தியை முதலில் சொல்லுங்கள்.

அடுத்து, அவர் கற்பித்த சூழலையும் சொல்ல வேண்டும். 1950இல் தொடங்கப்பட்ட பரோடா நுண்கலைப் புலத்தில் கே. ஜி. சுப்ரமணியன், ஜோதி பட், குலாம் முகமது ஷேக் போன்றோர் பணியாற்றினர். கதை சொல்லும் ஓவியமும், மனித உருவமும், தெருவும் வீடும் அங்கே வலுவாக எழுந்த காலம் அது. அந்தச் சூழலில் உருவமே இல்லாமல் கோடு வரைந்துகொண்டிருந்த ஒருவர், தம் மாணவர்களைத் தம் வழிக்கு இழுக்கவில்லை. அவர் பெயரால் ஒரு பாணி உருவாகவில்லை, அவரைப் போலவே வரையும் கூட்டமும் உருவாகவில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. வகுப்பறையில் நாள்தோறும் நிற்பவன் என்ற முறையில் இதை நான் மிகப் பெரிய பண்பாகக் கருதுகிறேன், ஏனென்றால் தமக்கு இவ்வளவு தெளிவான வழி இருக்கும்போது அதை மாணவர் கையில் திணிக்காமல் இருப்பது எளிய செயல் அல்ல.

என் வகுப்பில் அவருடைய தறி நூல் படங்களை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். கலை வரலாறு எதுவும் நான் சொல்லவில்லை. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், எந்தப் பக்கம் இழுக்கப்பட்டிருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளே வாதாடத் தொடங்கிவிட்டார்கள். தறியைப் பிறந்தது முதல் பார்த்துவரும் அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு, ஆளும் முகமும் இல்லாமல், பள்ளி வளாகத்துக்குள் கோட்டை மட்டும் தேடி ஒரு கைப்பேசிப் படம் எடுத்து வரச் சொன்னேன். சாளரக் கம்பி, கொடிக்கம்ப நிழல், கரும்பலகையின் விரிசல் என்று கொண்டு வந்தார்கள். உங்கள் கூட்டத்திலும் பேச்சைக் குறைத்துக்கொண்டு, வந்தவர்களை அரை மணி நேரம் வெளியே அனுப்பி இதைச் செய்யச் சொல்லலாம். ஆசிரியராக அவரை நினைவுகூர, அவரிடம் படிக்காத நமக்கு இது பொருத்தமான வழி என்று நம்புகிறேன்.

கிழக்குவாசல் எழுதியது:

மேலே எழுதிய இருவரோடும் உடன்படுகிறேன். ஒரு வேண்டுகோளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

நஸ்ரீனைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் அவருடைய நோய் முன்னால் வந்து நிற்கிறது. நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் அரிய நோய் ஒன்றால் உடல் அசைவுகள் அவர் கட்டுப்பாட்டை விட்டு மெல்ல நழுவின என்பது உண்மை. அந்த ஆண்டுகளிலும் அவருடைய கோடுகள் தடுமாறவில்லை என்பதும் உண்மை. 1980களின் ஓவியங்களில் கட்டங்கள் கரைந்து, வெண்ணிற வெளியில் மிதக்கும் சாய்கோடுகளும் வளைவுகளும் சிலவே எஞ்சி நிற்கின்றன, அவற்றின் துல்லியம் முன்னதைவிடக் கூடியிருக்கிறது. ஆனால் இதை அடிப்படையாக வைத்து அவர் வாழ்க்கையை ஒரு துயரக் கதையாக மாற்றுவது பெரும் அநீதி. கட்டடக்கலை வரைவாளர்களின் கருவிகளைக் கொண்டு கோட்டை ஒழுங்குபடுத்தும் பழக்கத்தை, நோய் முற்றுவதற்கு வெகு முன்பே, 1970களின் தொடக்கத்திலேயே அவர் அமைத்துக்கொண்டுவிட்டார். ஆகவே அந்தத் துல்லியத்தை நோய்க்கு எதிரான போராட்டம் என்று மட்டும் விளக்குவது, அதற்கு முன் அவர் எண்ணிச் சேர்த்த அனைத்தையும் அழிப்பதாகும். நோயைச் சொல்லுங்கள், அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள்.

அதேபோல கோடுகளாலும் கட்டங்களாலும் வரைந்த அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினோடு ஒப்பிட்டு அவரை அறிமுகப்படுத்தும் வழக்கத்தையும் தவிர்க்கலாம். ஒப்பீட்டில் தவறில்லை, 2007இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமெண்டா கண்காட்சியில் நஸ்ரீனின் படைப்புகள் இடம்பெற்றதிலிருந்து அது பெருகிவிட்டது. ஆனால் ஃபதேபூர் சிக்ரியின் கல்தரையையும் பஹ்ரைனின் மணலையும் நேரில் நின்று பார்த்த கண்ணுக்கு முதலில் அந்த இடங்களையே சான்றாகக் காட்ட வேண்டும். அதற்கு அவர் ஒளிப்படங்களைவிடச் சிறந்த சாட்சி இல்லை. இந்தக் காரணத்தாலும் நீங்கள் அவற்றைத் திரையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தெற்குவீதி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாணவி அமைத்த கண்காட்சியைப் பற்றி அறிந்திருந்தும், அதையே ஆசிரியருக்கான சான்றாகப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை; கூட்டத்தை அங்கிருந்தே தொடங்குகிறோம். பாவோடி ஐயா சொன்ன பயிற்சியையும் வைத்துக்கொள்கிறோம். ஒளிப்படங்களைத் திரையிடுவதில் இனி எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் எங்கள் கூடத்துச் சுவர் பெரியது, ப்ரொஜெக்டரும் சற்று மங்கலானது. அதில் அந்தப் படங்கள் சிதைந்துவிடுமோ என்ற கவலை மட்டும் மீதமிருக்கிறது. வெள்ளிமணல் அவர்கள் ஏதேனும் யோசனை சொல்ல முடியுமா?

வெள்ளிமணல் எழுதியது:

உங்கள் கவலை நியாயமானது. அவருடைய படங்களில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாம்பல் நிறங்களே உயிர்நாடி. மங்கலான ப்ரொஜெக்டரில் முதலில் மறைவதும் அவைதான். எனவே சுவர் முழுவதையும் நிரப்பாமல், கருவியைச் சுவருக்கு அருகில் நகர்த்தி, படத்தைச் சிறிதாக விழச் செய்யுங்கள். வெளிச்சம் செறிவாகும், சாம்பல் நிறங்களும் பிழைக்கும். சாளரங்களுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். கண்காட்சி நூல்கள் ஏதேனும் நூலகத்தில் கிடைத்தால், அவற்றின் அச்சுப் பக்கங்களை மேசைமேல் விரித்துவைத்து, இரண்டிரண்டு பேராகப் பார்க்க விடுவது இன்னும் நல்லது.

படங்களுக்குக் கீழே நீங்களாகத் தலைப்பு எதையும் சேர்க்க வேண்டாம். 'மணல்', 'அலை', 'தறி' என்று எழுதிவிட்டால் பார்ப்பவர் சொல்லைப் படித்துவிட்டுப் படத்தைக் கடந்துபோவார். அருங்காட்சியகங்கள் தந்திருக்கும் தோராயமான காலத்தை மட்டும் குறிப்பிடுங்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது இரண்டு நிமிடமாவது நிறுத்திவையுங்கள். அந்த நேரத்தில் யாரும் விளக்கம் சொல்லாமல் இருப்பது நல்லது. ஓவியங்களை ஒளிப்படங்களுக்கு அருகருகே ஒட்டி ஒப்பிட்டுக் காட்டுவதையும் தவிர்த்துவிட்டு, முதலில் ஒளிப்படங்களை முழுமையாகக் காட்டி முடித்து, இடைவேளைக்குப் பிறகு ஓவியங்களைக் காட்டுங்கள். தொடர்பு இருந்தால் பார்ப்பவர்களே கண்டுகொள்வார்கள்.