அணு எரிபொருளுக்கு வரிக் கணக்கு எப்படி? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஈரோட்டில் வணிகவியல் கற்பிக்கிறேன். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் செலவை வைத்துப் பாடம் நடத்தியபோது, "அப்படியானால் கூடங்குளத்து யுரேனியத்துக்கு என்ன கணக்கு?" என்று ஒரு மாணவி கேட்டார். அருமையான கேள்வி. அவருக்கு அரைகுறைப் பதில் தர மனமில்லை.

நிலக்கரி எரிந்ததும் சாம்பல். அந்த ஆண்டுச் செலவாகவே கழித்துவிடலாம். அணு எரிபொருள் கட்டுகளோ உலைக்குள் சில ஆண்டுகள் இருந்து வெப்பம் தருகின்றன. அவை சரக்கிருப்பா, தேய்மானம் (விலையைச் சில ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாகக் கழிப்பது) கோரும் சொத்தா? அமெரிக்காவில் வரிக்காக அவற்றை 5 ஆண்டுத் தேய்மான வகுப்பில் வைத்திருக்கிறார்கள். கணக்கேடுகளிலோ வெளிப்பட்ட வெப்பத்தின் அளவுக்கேற்பச் செலவெழுதுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாததால் ஒத்திவைத்த வரி, அதாவது இந்த ஆண்டுக்கும் பிந்தைய ஆண்டுகளுக்கும் இடையே தள்ளிப்போகும் வரி, எழுகிறது. இதுவரை எனக்குத் தெளிவு.

நம் நாட்டில்தான் சிக்கல். 2026 ஏப்ரலுக்கு முன்பிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 32ஆம் பிரிவு மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு நேர்கோட்டு முறைத் தேய்மானத்தை (ஆண்டுதோறும் ஒரே அளவு கழிப்பதை) அனுமதித்தது. உலையில் இருக்கும் எரிபொருளுக்கு அது பொருந்துமா? பயன்படுத்தி முடித்த எரிபொருளைக் கையாள ஒதுக்கும் தொகையை ஒதுக்கிய ஆண்டிலேயே கழிக்க விடுவார்களா?

தீர்ப்பாய உத்தரவு, தணிக்கை அனுபவம் எதுவானாலும் எழுதுங்கள். கோவை, சேலம் பக்கம் இத்துறை அறிந்த பட்டயக் கணக்கர்கள் இருந்தால் நேரில் வந்து கேட்கிறேன். எங்கள் வகுப்புக்கே வந்து பேச இசைந்தால் பெருமகிழ்ச்சி.