இடுப்பில் கருத்த பொருக்கு, ஆனால் வலியில்லை: கடித்தது என்னவாக இருக்கும்?

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்து பறிப்பது, களையெடுப்பது எல்லாம் அறுபதை நெருங்கும் என் அம்மாதான். கடந்த இரண்டு வாரங்களில் அவரை மூன்று உயிர்கள் பதம் பார்த்துவிட்டன. முதலாவது அட்டை, அது எங்களுக்குப் பழக்கம்தான் என்றாலும், இம்முறை இரத்தம் இரண்டு மணி நேரம் கசிந்தது. அடுத்து, செடிக்குள் கைவிட்டபோது தேனீயோ கதண்டோ கொட்டியதில், சுண்ணாம்பு தடவியும் புறங்கை மறுநாள் இன்னும் பெரிதாக வீங்கிவிட்டது. மூன்றாவதை நேற்றுக் குளிக்கும்போதுதான் பார்த்தார். பாவாடை நாடா கட்டும் இடத்தில் மிளகளவில் ஒரு கருத்த பொருக்கு, அதைச் சுற்றிச் சிவப்பு வளையம். அங்கே வலியும் இல்லை, அரிப்பும் இல்லை.

நான்கு நாட்களாக அவருக்குக் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் இருக்கின்றன. பாராசிட்டமால் கொடுத்தால் இறங்கி மறுபடி ஏறுகிறது. அதைப் பனிக்காற்றின் கணக்கில் எழுதிவிட்டோம். கடிகள் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும்? பொருக்கின் மேல் நீலகிரித் தைலம் தடவலாமா?

ஓய்வுபெற்ற செவிலி (கூடலூர்)

தம்பி, முதல் இரண்டையும் மறந்துவிட்டு அம்மாவை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாளை வரை பொறுக்க வேண்டாம். சிகரெட்டால் சுட்டது போன்ற வலியில்லாத கருத்த பொருக்கும் விடாத காய்ச்சலும் சேர்ந்து வந்தால், மருத்துவர்கள் முதலில் நினைப்பது ஸ்க்ரப் டைபஸைத்தான். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் எழுதுவதால், மாட்டின் மேலும் நாயின் மேலும் ஊரும் உண்ணியைத் தேடி எதுவும் காணாமல் பலர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். இதைப் பரப்புவது அதுவன்று. புதரோரங்களிலும் எலி நடமாடும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுண்ணியின் ஆறுகால் குஞ்சுதான் இதைப் பரப்புகிறது. அது கடிப்பது உறைக்காது. கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும் என்பதால், எந்த வயலில், எந்த நாளில் கடித்தது என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை.

அந்தக் குஞ்சு ஆடை இறுகும் இடத்தையும் தோல் மடியும் இடத்தையும்தான் தேடிப் போகும். ஆகவே பொருக்கு இருப்பது பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்பகுதி, இடுப்பு ஆகிய இடங்களில். நம் பெண்களோ மருத்துவரிடம் கையை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கூச்சப்படாமல் அந்த இடத்தைக் காட்டும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். தேயிலையில் வேலை செய்கிறார் என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை என்பதால், அது இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இது பாக்டீரியாவால் வருவது. டாக்சிசைக்ளின் என்ற மருந்துக்கு நன்றாகக் கேட்கும். கருவுற்றவர்களுக்கு அசித்ரோமைசின் கொடுப்பது வழக்கம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அமாக்சிசிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படா. நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். அப்படிக் கடுமையாகிவிட்டவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியாகச் செலுத்துவது, ஒன்றை மட்டும் கொடுப்பதை விடச் சிறந்தது என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் அம்மாவுக்கு மாத்திரையே போதுமாக இருக்கலாம். எதற்கும் மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

தேன்பெட்டி (குன்னூர்)

செவிலியம்மா சொன்ன அவசரத்தை நானும் வழிமொழிகிறேன். ஆனால் கொட்டியதை மறந்துவிடச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை கொட்டுப்பட்டவர் மறுமுறையும் படக்கூடும். அப்போது உடல் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது நஞ்சுப்பையுடன் தோலிலேயே தங்கி, தேனீ போன பிறகும் நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தால் வழித்தாலும் சரி, பிடுங்கினாலும் சரி, உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்று யோசித்து நிற்கும் நேரம்தான் நட்டம். கதண்டு கொடுக்கை விட்டுச் செல்லாது, ஆனால் திரும்பத் திரும்பக் கொட்டும். மோதிரம், வளையல்களைக் கழற்றி, சோப்பு நீரால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்ற வேண்டும். கொட்டிய இடம் மறுநாள் இன்னும் வீங்குவது வழக்கமானதே; நஞ்சு ஏறுகிறது என்று பதற வேண்டியதில்லை. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடும், வேண்டாம்.

அஞ்ச வேண்டியது, கொட்டாத இடத்தில் தோன்றும் மாற்றங்களுக்குத்தான். உடலெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சிரைப்பு, வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரவிடலாம். அங்கே உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. பாறையில் கட்டும் மலைத்தேனீ கூட்டமாகத் துரத்தினால், கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு கதவுள்ள இடத்துக்கு ஓடுங்கள். பல கொட்டுகள் பட்டவர் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் சிறுநீரகம் பிறகு பாதிக்கப்படக்கூடும்.

பூம்பாறைப் பூண்டு (கொடைக்கானல் மலை)

அட்டை இரத்தம் உறையாதபடி ஒரு பொருளைச் செலுத்திவிட்டே உறிஞ்சுகிறது, ஆகையால் இரண்டு மணி நேரக் கசிவு பெரிய செய்தி அன்று. உப்பும் நெருப்பும் வைக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளிவிட்டு, துணியை அழுத்திக் கட்டினால் போதும். தைலத்தைப் பொருக்கில் தடவ வேண்டாம். சுற்றுலா வருவோருக்கு விற்கிறோம் என்பதற்காக அதை எல்லாப் புண்ணுக்கும் நாமே பூசிக்கொள்ளத் தேவையில்லை.

என் அண்ணனுக்கு இதே காய்ச்சல் வந்தபோது, ஒரு மருத்துவமனையில் டைபாய்டு என்று கருதி ஒரு வாரம் மருந்து கொடுத்தார்கள். பிறகு வேறொரு மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளைப் பார்த்தார். பொருக்கு அங்கே இருந்தது.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். அன்று மாலையே சென்றோம். அம்மா அறைக்குள்ளும் முதலில் புறங்கையைத்தான் நீட்டினார். நான்தான் இடுப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவர் பொருக்கைப் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாட்களுக்கு எழுதினார். இரண்டாம் நாள் இரவில் காய்ச்சல் விட்டது. நேற்று வந்த முடிவிலும் அதே நோய்தான்.

பறிக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பை மதியம் அவிழ்த்துவிட்டு, சுவெட்டரைப் புல்லில் விரித்து அதன் மேல் உட்கார்ந்து சாப்பிடுவது அம்மாவின் வழக்கம். இனி விரிப்பின் மேல் உட்கார வேண்டும், சுவெட்டரைக் கிளையில் மாட்ட வேண்டும், வீடு திரும்பியதும் தேய்த்துக் குளித்து உடையை வெந்நீரில் ஊறவைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். பக்கத்து வீட்டு அத்தைக்கும் மூன்று நாட்களாகக் காய்ச்சலாம். காலையில் அம்மாவே அவரை உள்ளறைக்கு அழைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பொருக்கு எதுவும் இல்லை என்றார். செவிலியம்மா எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். இருவரும் இப்போது மருத்துவமனைக்குப் பேருந்து ஏறியிருக்கிறார்கள்.