மறுமொழி: ‘மருந்து எதிர்ப்பு’ என்றால் யார் எதிர்ப்பது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நாம் தயாரிக்கும் மூளைப்புற்றுக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் ‘கேன்சர் ஸ்டெம் செல்’ (கட்டியை மறுபடி உண்டாக்கக்கூடிய செல்), ‘டிரக் ரெசிஸ்டன்ஸ்’ (மருந்து கொடுத்தும் புற்றுச் செல் சாகாமல் நிற்பது) இரண்டுக்கும் தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகவில்லை. முதலாவதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. ‘ஸ்டெம் செல்’லுக்குக் ‘குருத்தணு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது (இங்கே ‘அணு’ என்பது செல்), ‘புற்றுக் குருத்தணு’ என்று சேர்த்துக்கொள்ளலாம். அரூர் ஐயா சொன்ன ‘மூலப் புற்றணு’ மட்டும் வேண்டாம் என்பேன். புற்று முதன்முதலில் எந்த அணுவில் தொடங்கியது என்பது ஒரு கேள்வி. வளர்ந்துவிட்ட கட்டிக்குள் எந்த அணுவால் கட்டியை மறுபடி உண்டாக்க முடியும் என்பது வேறு கேள்வி. ‘மூலம்’ இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

டொரண்டோ ஆய்வாளர்கள் 2004இல் காட்டியது இரண்டாவதைத்தான். மனித மூளைக்கட்டியிலிருந்து, மேற்பரப்பில் சிடி133 என்ற புரதம் உள்ள அணுக்களைப் பிரித்தெடுத்து எலியின் மூளையில் செலுத்தினார்கள். வெறும் 100 அணுக்களிலிருந்தே புதுக் கட்டி வளர்ந்தது. அந்தப் புரதம் இல்லாத அணுக்களை ஒரு லட்சம் செலுத்தியும் வளரவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில், சில கட்டிகளில் சிடி133 இல்லாத அணுக்களும் வளர்ந்து காட்டின. அதனால் அடையாளப் புரதத்தை வைத்துப் பெயரிடுவதும் நிலைக்காது. செய்யும் வேலையை வைத்துக் ‘குருத்து’ என்பதே பொருந்துகிறது.

இரண்டாவது சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

நம் பக்கத்தில் நோயாளியைப் பெங்களூருக்கோ வேலூருக்கோ கூட்டிப்போய் வந்த குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். “மருந்து ரெசிஸ்டன்ட் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க” என்பார்கள். அதை நாம் ‘மருந்து எதிர்ப்பு’ என்று தமிழாக்கிக் கொடுத்தால் உடனே அடுத்த கேள்வி வரும்: “அப்போ அவருக்கு எதிர்ப்பு சக்தி இல்லையா?” எதிர்ப்பு என்றாலே நம் மக்களுக்கு உடம்பின் நல்ல சக்திதான் நினைவுக்கு வருகிறது. இல்லையென்றால் ‘உடம்பு மருந்தை ஏத்துக்கல’ என்று புரிந்துகொள்கிறார்கள். சரியாகச் சாப்பிடவில்லை, களியும் கீரையும் கொடுத்திருந்தால் தாங்கியிருப்பார் என்று பழி கடைசியில் நோயாளி மேலேயோ, பார்த்துக்கொண்ட மனைவி மேலேயோ போய் விழுகிறது. இது அநியாயம். மருந்துக்கு அசையாதது கட்டியின் அணு. நாம் உருவாக்கும் சொல் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கிளியோபிளாஸ்டோமா என்ற கடுமையான மூளைப்புற்றையே எடுத்துக்கொள்வோம். அறுவை, கதிர்வீச்சு, கூடவே டெமோசோலோமைடு மாத்திரை என்பதுதான் வழக்கமான சிகிச்சை. கதிர்வீச்சோடு அந்த மாத்திரையைச் சேர்த்ததால் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் தாண்டி வாழும் காலம்) 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகக் கூடியது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வளவுதான் கூடியது. காரணங்களில் சில கட்டியின் அணுக்களிலேயே இருக்கின்றன. மருந்து அவற்றின் டிஎன்ஏவில் ஏற்படுத்தும் காயத்தைப் பல கட்டிகளில் எம்ஜிஎம்டி என்ற நொதி சரிசெய்துவிடுகிறது. உள்ளே போன மருந்துகளை வெளியே தள்ளும் பம்புப் புரதங்கள் இருக்கின்றன. இன்னும் சில அணுக்கள் பிளவுபடாமல் முடங்கிக் கிடக்கின்றன. பிளவுபடும் அணுவைக் குறிவைக்கும் மருந்து அவற்றிடம் எடுபடுவதில்லை. கேழ்வரகுக் கொல்லையில் கோரையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: தழை காய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் தாங்குகிற மாதிரி ‘மருந்துக்கு மசியாமை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘மருந்துக்கு மசியாத புற்றணு’ என்று எழுதினால் மசியாதது யார் என்ற சந்தேகமே வராது. சிகிச்சைக்கு முன்பே இருப்பது ‘இயல்பு மசியாமை’, சிகிச்சைக்குப் பின் வருவது ‘பின்வந்த மசியாமை’.

தருமபுரியிலிருந்து

—

வணக்கம் அக்கா. குருத்தணு பற்றி நீங்கள் சொன்னது சரி. ‘மசியாமை’யில்தான் எனக்கு உடன்பாடில்லை. கிருமிகளைப் பற்றிய பாடங்களில் பிள்ளைகள் ‘மருந்தெதிர்ப்பு’ என்று படிக்கிறார்கள். காசநோய்க்கு ஒரு சொல், புற்றுக்கு ஒரு சொல் என்றால் குழப்பம் வராதா? இன்னொன்று, மூளைக்குள் மருந்து போய்ச் சேருவதையே ரத்த–மூளைத் தடுப்பு மறிக்கிறதே, அதையும் மசியாமை என்பீர்களா?

ஓசூரிலிருந்து

—

தம்பி, உன் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அதைச் சேர்க்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். தடுப்பு என்பது நம் எல்லோர் மூளையிலும் இருக்கும் இயல்பான காவல். மருந்து சேராமல் போனால் அது ‘மருந்து எட்டாமை’. எட்டிய பிறகும் அணு சாகவில்லை என்றால்தான் ‘மசியாமை’. கையேட்டில் இரண்டையும் தனித்தனி பதிவாகவே வைப்போம். குடும்பத்தார் மருத்துவரிடம் “மருந்து எட்டலையா, எட்டியும் மசியலையா?” என்று கேட்க முடிந்தால் அது பெரிய உதவி.

காசநோய்க் கிருமிக்கும் ‘மசியாமை’ பொருந்தும், அங்கேயும் மசியாதது கிருமிதானே. ஆனால் பள்ளிப் பாடநூலை நாம் மாற்றப் போவதில்லை. அதனால் முதல்முறை வரும் இடத்தில் ‘மருந்துக்கு மசியாமை, பாடநூல்களில் மருந்தெதிர்ப்பு’ என்று இரண்டையும் போட்டுவிட்டு, அப்புறம் முழுக்க மசியாமையே எழுதலாம். அரூர் ஐயாவும் சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

தருமபுரியிலிருந்து